எஸ்தர் தலைக்கு மேல் தொங்கிய ஆகஸ்ட்

மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அந்த சி.டி.க்களும் சுற்றும்.

காக்களூரில் நான் மேனேஜராக இருந்த ரப்பர் கம்பெனியில், அச்சில் வார்த்த ரப்பரின் ஓரப் பிசிறு வெட்டும் பகுதியின் கூரையடியில், நைலான் கயிற்றில் கோத்த கம்ப்யூட்டர் சி.டி.க்கள் வரிசையாகத் தொங்கின. ஆயுத பூஜைக்குக் கட்டிய தோரணம். பூஜை முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் யாரும் அவிழ்க்கவில்லை. பட்டறைகளில் அப்படித்தான். அடுத்த பூஜை வந்தால்தான் போன வருடத் தோரணம் கீழே இறங்கும்.

ஜன்னல் வெயில் அவற்றின் மேல் பட்டு, வட்ட வட்டமாக வெளிச்சம் கீழே உட்கார்ந்திருந்த பெண்களின் கைகளில் ஓடும். எஸ்தர் என்கிற பெண்மணி கத்தரிக்கோலை நிறுத்தி, அந்த வெளிச்சம் தன் கையைத் தாண்டுகிறவரை காத்திருந்துவிட்டு மறுபடி வெட்டுவார். கண் கூசுகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தோரணம் கட்டச் சொன்னவன் நான். ஜிகினாத்தாள் வாங்கும் செலவு மிச்சம் என்று அன்று எனக்குத் தாங்க முடியாத பெருமை.

போன வாரம் என் கும்மிடிப்பூண்டி நாள்களைப் படித்துவிட்டு ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். 'உங்கள் தொடரில் எல்லாத் தப்பையும் மற்றவர்களே செய்கிறார்களே, நீங்கள் எப்போது செய்வீர்கள்?' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் நான்.

செருப்பைக் கழற்றிவிட்டு

செல்போன் எல்லார் சட்டைப்பையிலும் ஏற ஆரம்பித்த வருடங்கள் அவை. எங்கள் முதலாளி பழவேற்காட்டுக்காரர். அப்பா காலத்தில் கருவாடு, உப்பு என்று வியாபாரம் செய்த குடும்பம். இவர்தான் முதன்முதலாக மெஷின் பக்கம் வந்தவர். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கார் கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன ரப்பர் சாமான்களைச் செய்து கொடுத்தோம். அறுபது பேர் வேலை பார்த்தார்கள். கந்தகமும் வெந்த ரப்பரும் கலந்த அந்த வாடை சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டினோம். உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்ற வேண்டும். பாய்கூட வெறுங்காலுடன்தான் வருவார். முதல் ஒரு மாதம் அதன் முன்னால் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

அதற்கு முன்பு வருகைப்பதிவு எல்லாம் பெரிய நோட்டில், மையால் எழுதினோம். நான் தொழில் பழகிய கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அந்த நோட்டு நனைந்து மை கரைந்துவிட்டது. அப்போது ஆள்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 'எந்தெந்த நாள் வந்தே, சொல்லுப்பா' என்று கேட்டு, பக்கத்தில் நின்று வேலை செய்தவனையும் சாட்சி வைத்து, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினோம். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள். காக்களூரில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அங்கே நான் மேனேஜராகிவிட்டிருந்தேன்.

வந்து டீ குடிக்கிறவர்

கம்ப்யூட்டரைக் கவனிக்க பாஸ்கர் என்பவருக்கு வருட ஒப்பந்தம் கொடுத்திருந்தோம். திருநின்றவூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வருவார். தோள்பையில் ஸ்க்ரூ டிரைவர்கள், பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று, ஒரு மார்க்கர் பேனா. மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசு தட்டுவார். ஏதோ தட்டிப் பார்ப்பார். மாதக் கடைசியில் ஒரு சி.டி.யைப் போட்டு எடுப்பார். டீ குடிப்பார். போய்விடுவார்.

ஒருநாள் பாய் செலவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மேனேஜர், இந்த கம்ப்யூட்டர்காரருக்கு வருசா வருசம் இம்மாம் குடுக்குறோமே, அவரு இன்னாதான் பண்றாரு?"

அவர் சும்மா கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். முதலாளி வாயைத் திறக்குமுன் அவர் மனதில் இருப்பதைச் செய்து முடிப்பவன் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"வந்து டீ குடிக்கிறாரு பாய். மெஷின் ரிப்பேர் ஆயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. ரிப்பேர் ஆச்சுன்னா அப்ப கூப்ட்டுக்கலாம்" என்றேன்.

ரிப்பேர் ஆகாததற்குக் காரணமே அவர் வாரா வாரம் வருவதுதானோ என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஆகஸ்ட் முடிந்ததும் ஒப்பந்தத்தை நிறுத்தினேன். அதோடு விடவில்லை. மாதாமாதம் வருகைப்பதிவைக் கட்டுக் கட்டாக அச்செடுத்து வைப்பதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டிருந்தேன். ரிப்பன் மிச்சம், பேப்பர் மிச்சம். 'அதான் கம்ப்யூட்டர்லயே இருக்குதே' என்பது அந்த நாள்களில் என் வாயில் சதா இருந்த வாக்கியம்.

கடைசி நாளன்று பாஸ்கர் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் கோபமில்லை. அந்த வருடம் அவருக்கு இப்படிப் போன கம்பெனிகளில் நாங்கள் நான்காவது என்று பிறகு தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தார்.

"சார், இது மாசாமாசம் எடுத்தது. பத்திரமா வெச்சுக்கோங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி சரி, வெச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். அப்புறம் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. கவரைத் திறந்துகூடப் பார்க்காமல் கீழ் டிராயரில் தள்ளினேன்.

கம்ப்ரஸர் காற்று

ஆயுத பூஜை என்றால் எங்கள் பட்டறையில் இரண்டு நாள் முன்பே வேலை மந்தமாகிவிடும். மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். பாய் பூஜைக்கு நிற்கமாட்டார். பொரி, கடலை, இனிப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பார். அறுபது பேருக்கும் பெயர் சொல்லிக் கை கொடுப்பார்.

சுத்தம் செய்கிற நாளில் பழசு எல்லாம் வெளியே போகும். ஏப்ரலிலிருந்து சேர்ந்த, ஆள்கள் வாசலில் நேரம் குத்திய வருகை அட்டைகள் ஒரு சாக்குமூட்டை இருந்தன. விவரம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று அதைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடச் சொன்னேன். தோரணத்துக்கு ஜிகினாத்தாள் வேண்டும் என்று ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஆபரேட்டர்கள் வந்து நின்றார்கள்.

"எதுக்குப்பா? டிராயர்ல பழைய சி.டி. கிடக்குது பாரு, அத்தக் கோத்துக் கட்டு. பளபளன்னு இருக்கும்" என்றேன்.

அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மிச்சம் கம்ப்யூட்டர். அதற்கும் பொட்டு வைக்க வேண்டுமே, தூசு தட்ட வேண்டுமே. பிரஷ்ஷோடு வருகிறவரைத்தான் நான் நிறுத்திவிட்டேனே. எங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "மெஷினுக்கு அடிக்கிற மாதிரி இதுக்கும் கம்ப்ரஸர் காத்து அடிச்சுடு" என்றேன்.

கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். தினமும் காலையில் அதன் தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து அதை வடிப்பார்கள். இது எனக்கும் தெரியும். எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். ரப்பர் அச்சுக்கு அடிக்கும்போது ஞாபகத்தில் இருக்கிற விஷயம், கண்ணாடி அறைக்குள் போனதும் இருவருக்கும் மறந்துவிட்டது. ஹோஸை நீட்டி, மூடியைத் திறந்து, உள்ளே பீய்ச்சி அடித்தார். மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று ஆனது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டேன். ஒரு சின்ன வெடிச் சத்தம். பிறகு ரப்பர் வாடைக்கும் மேலே ஒரு கருகல் வாடை.

திருவள்ளூர் பஜாரில் கடை வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்தார். "போர்டும் போச்சு, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு சார். உள்ள இருந்தது எதுவும் வராது" என்றார். பாஸ்கரைக் கூப்பிட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கூப்பிடுவது? பாயிடம், "கரண்ட் ஏறி இறங்கிச்சு பாய்" என்று சொன்னேன். அவர் நம்பினார்.

நாள் போட்ட கதை

அடுத்த சில வாரங்களில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான இ.எஸ்.ஐ. அரையாண்டுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால் வைத்தியமும், வேலைக்கு வர முடியாத நாளுக்கு ஒரு பங்கு சம்பளமும் கிடைக்க அதுதான் ஆதாரம். ஒவ்வொருவரும் அந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தார் என்று எழுத வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்குக் கீழே போனால், அடுத்து வரும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை அந்தச் சம்பளம் கிடையாது.

ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் அச்செடுத்த தாள் இருந்தது. அட்டைகள் பேப்பர்க்காரரிடம் போய்விட்டன. கையெழுத்து வாங்கிய சம்பளத்தாளில் மொத்தத் தொகைதான் இருந்தது. ஓவர்டைமும் முன்பணமும் கலந்த அந்தத் தொகையிலிருந்து நாளைப் பிரித்தெடுக்க வழியில்லை.

எல்லாருக்கும் முழு நாள் போட்டுவிடலாம். ஆனால் அறுபது பேரும் ஆறு மாதம் ஒருநாள் விடாமல் வந்தார்கள் என்று எழுதினால் எந்த அதிகாரி நம்புவார்? ஆள்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் கம்ப்யூட்டர் போன கதை பட்டறை முழுக்கத் தெரியும், பாய் காதுக்கும் போகும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, என் ஞாபகத்தை வைத்தே எழுதினேன். எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று ஒரு நினைப்பு.

சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போடுகிறவர்கள் யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர்கள்தான் என் முன்னால் வந்து நிற்பதே இல்லையே. என் மேஜைக்கு வந்து விடுப்புக் கேட்டவர்கள் மட்டும் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். அதிலும் எஸ்தர்.

எஸ்தருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. பிளஸ் டூ படிக்கிற ஒரே மகள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர். அடிவயிற்றில் கட்டி இருந்தது. ஜூனிலிருந்தே வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து நிற்பார்.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார். ஒருநாள் லீவு குடுங்க சார்."

ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்ட செவ்வாய் ஞாபகம் இருந்தது. வாசலில் சரக்கேற்ற லாரி நின்ற நாள். ரத்தப் பரிசோதனைக்குக் கேட்ட வெள்ளி ஞாபகம் இருந்தது. அன்றும் லாரி. ஆடி மாதத்தில் மூன்று தடவை, ஆவணியில் நான்கு தடவை. ஒவ்வொன்றாக எண்ணிக் கழித்தேன். அந்தக் கோடையில் ஆர்டர் இல்லாமல் பிசிறு வெட்டும் பெண்களுக்கு இரண்டு மாதம் வேலையே கிடையாது. ஆகவே அவர்கள் எல்லாருக்கும் நாள்கள் விளிம்பில்தான் நின்றன. அதையும் நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

ஜூலை வரைக்கும்

ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் எஸ்தர் வந்தார். டாக்டர் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதத்துக்கு இ.எஸ்.ஐ. சம்பளம் வருமா என்று விசாரிக்கப் போயிருக்கிறார்.

"மூணு நாள் பத்தலன்னு சொல்றாங்கோ சார். நான் எங்க சார் அத்தினி நாள் லீவு போட்டேன்?"

எனக்குச் சுருக்கென்றது. குற்றவுணர்வு இல்லை, அது பயம். கணக்கைத் திருத்தி எழுதினால் ஏன் திருத்தினாய் என்று கேட்பார்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் கம்ப்ரஸர் வரைக்கும் போகும்.

"இன்னாம்மா பேசற? நீதான எத்தினி வாட்டி வந்து லீவு கேட்ட?" என்றேன்.

"கேட்டேன் சார். ஆனா..."

மேஜைமேல் போன் அடித்தது. இரு என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன். ஆர்டர் விஷயம். நீளமாகப் பேசினேன். தேவைக்கு மேலேயே பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. வைத்துவிட்டு, அவர் பேச ஆரம்பிக்கும் முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

"இப்ப ஓடற அரையாண்டுக் கணக்கு ஜூலைலேர்ந்து செல்லும். அதுல உனக்கு முழு நாள் வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

எஸ்தர் என்னைப் பார்த்தார். மூன்று மாதம் சம்பளமில்லாமல் மகளை வைத்துக்கொண்டு படுத்திருக்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் விடுப்பே கேட்கவில்லை. இடுப்பில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். முகம் மஞ்சளாகிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவர் கூடையிலிருந்து சரக்கை எடுத்துத் தங்கள் கூடையில் போட்டுக்கொள்வார்கள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், கத்தரிக்கோல் கையிலிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். பாயின் காரில்தான் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்த டாக்டர்கள், எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்று சொல்லி அப்படியே மூடினார்கள். பதினோராம் நாள் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் பாய் ஓரமாக நின்று அழுதார். நான் கம்பெனியின் பெயரால் மாலை வைத்தேன். மகள் என் பக்கத்தில் வந்து, குறை சொல்வதுபோல இல்லாமல், எல்லாரிடமும் சொல்வதுபோல என்னிடமும் சொன்னாள்.

"அம்மா ஜூலைக்கு நாள் எண்ணிக்கினே இருந்தாங்கோ சார். காலண்டர்ல கிழிச்சிக் கிழிச்சி வெச்சாங்கோ."

மார்க்கர் எழுத்து

மே மாதம் கம்ப்யூட்டர் மறுபடி படுத்தது. திருவள்ளூர்க் கடைக்காரர் வருகிறபோதெல்லாம் ஒரு பாகத்தை மாற்றி, பில்லை நீட்டிக்கொண்டிருந்தார். நான் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது. பாயே ஒருநாள், "அந்தப் பழைய ஆளையே கூப்புடுங்க மேனேஜர், பாவம், நல்ல மனுசன்" என்றார்.

பாஸ்கர் வந்தார். இப்போது சென்னையில் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார், தினமும் ரயிலில் போய்வருகிறார், அன்று எங்களுக்காக விடுப்புப் போட்டிருந்தார். வாசலிலிருந்து கண்ணாடி அறைக்குப் பிசிறு வெட்டும் பகுதி வழியாகத்தான் போக வேண்டும். எஸ்தர் உட்காரும் மணைப்பலகை காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் பாஸ்கர் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார்.

"சார், இது இன்னா சார்? என் கையெழுத்து மாரி கீது?"

"பூஜைக்குக் கட்டினது. பழைய சி.டி."

"பழசா? அய்யோ, இது பேக்கப் சார். போற அன்னிக்கு உங்க டேபிள்ல வெச்சேனே. உங்க ஆளுங்க வந்தது போனது, சம்பளம், அல்லாம் இதுலதான் கீது."

ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்தார். கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தார். ஜூன். ஜூலை. ஆகஸ்ட். கறுப்பு மார்க்கரில் நிதானமான எழுத்து. எஸ்தரின் தலைக்கு நேர் மேலே தொங்கியது ஆகஸ்ட்.

மெஷினைச் சரிசெய்துவிட்டு, "உயிரோட கீதான்னு பார்த்துடலாம் சார்" என்று ஜூன் மாத சி.டி.யைப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் திரையில் அறுபது பெயர்கள் வந்தன. வந்த நாளுக்கு 'பி', வராத நாளுக்கு 'ஏ'.

எஸ்தரின் வரிசையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்ட செவ்வாய், 'பி'. ரத்தப் பரிசோதனைக்குக் கேட்ட வெள்ளி, 'பி'. ஜூலை சி.டி.யைப் போடச் சொன்னேன். ஆகஸ்ட்டையும் போடச் சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் நான் எண்ணி எண்ணிக் கழித்த நாள்களில் இரண்டைத் தவிர எல்லாமே 'பி'.

அப்போதுதான் மிச்சம் பாதியும் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் வாசலில் லாரி நின்றதும், ஒவ்வொரு தடவையும் நான் என்ன சொன்னேன் என்பதும். 'லாரி நிக்குதும்மா, இன்னிக்கி ஒருநாள் பார்த்துக்கோ.' எஸ்தர் கேட்டதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். நான் கொடுக்காததை மறந்துவிட்டேன். போன் மணி அடிக்காமல் இருந்திருந்தால் அன்று அவர் முடித்திருக்கும் வாக்கியம் இப்போது எனக்கு முழுசாகக் கேட்டது.

"கேட்டேன் சார். ஆனா நீங்க குடுக்கவே இல்லையே."

பாஸ்கர் மூன்று சி.டி.க்களையும் உறையில் போட்டு, போன தடவை போலவே என் மேஜையில் வைத்தார். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஜிகினாத்தாள் வாங்கினோம்.